ஒரு பக்கம் மட்டும் கூர்: பழைய ரேஸர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய சவரக் கருவிகள் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘சிங்கிள் எட்ஜ்’ எனப்படும் ஒரு பக்கக் கூர் ரேஸர்களைப் பற்றியே இருந்ததால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடுதான். சிங்கிள் எட்ஜ் என்றால் அந்த பிளேடில் பாதியா?
(வாசகர், கும்பகோணம்)

பாதி இல்லை, அது வேறு வகை பிளேடு. நீங்கள் சொல்லும் பிளேடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். தனியாகக் கையில் எடுத்தால் வளையும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை வாங்கிய ரேஸர் அந்த வளைவைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது: மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் பிளேடை வைத்துத் திருகினால் அது வில்போல வளைந்து இறுகுகிறது, இறுக்கத்தால்தான் அதற்கு விறைப்பு வருகிறது.

ஒரு பக்கக் கூர் பிளேடில், இன்றும் ‘ஜெம்’ அளவு என்று விற்கிறார்களே அதில், தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல். கூர் இல்லாத பக்கத்தில் ஒரு எஃகுப் பட்டையை மடித்து முதுகாகப் பொருத்தியிருப்பார்கள். இதை வளைக்கவே முடியாது, வளைக்கவும் தேவையில்லை, நேராக, தட்டையாக, அசையாமல் பிடித்தால் போதும். இந்த ரேஸர்களில் இருக்கும் கீல், ஸ்பிரிங், பிளேடின் மூலைகள் முட்டி நிற்கும் முனைத்தடுப்பு எல்லாமே அந்த ஒரு வேலைக்காக வந்தவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்தப் பழைய மாடலைக் கையில் கொடுத்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் எல்லாக் கடையிலும் கிடைக்கும்போது இதையெல்லாம் தேடி வாங்குவது எதற்கு?
(வாசகர், சென்னை)

கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு ஒத்துப்போகிறது என்றால் மாற்ற வேண்டியதில்லை. சுருள் முடி உள்ளவர்கள், கழுத்தில் முடி உள்ளே வளர்ந்து கொப்பளம் வருகிறவர்கள் இவர்களுக்கு அடுக்கடுக்கான பிளேடுகளைவிட ஒரே பிளேடு நல்லது. நெருக்கமாக அடுக்கிய பிளேடுகளுக்கு நடுவில் நுரையும் முடியும் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இதில் கிடையாது. மற்றபடி எனக்கு இவை பிடிப்பதற்குக் காரணம் வேறு. பித்தளையில் செய்து முலாம் பூசிய ஒரு பொருள் 90 வருடம் கழித்தும், யாரும் பழுது பார்க்காமலேயே, புது பிளேடு போட்டால் அதே வேலையை அதே அளவு நன்றாகச் செய்கிறது. நாம் தினமும் முகத்தில் வைக்கிற வேறு எந்தக் கருவியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

இணையத்தில் ஒரு ரேஸரின் படம் பார்த்தேன், தலை சின்னத் தகரத் தொட்டிபோல இருந்தது. ‘ஸ்டார்’ என்று போட்டிருந்தது. அந்தத் தொட்டி எதற்கு?
(வாசகர், திருநெல்வேலி)

நீங்கள் பார்த்தது இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. நியூயார்க்கில் இருந்த கேம்ஃபே சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை பெற்ற ரேஸர் அது. ஜில்லெட்டுக்கு முன்பே பாதுகாப்பு ரேஸர் (பிளேடு ஆழமாக இறங்காமல் முன்னால் தடுப்பு உள்ளது) இருந்ததா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். இருந்தது, கால் நூற்றாண்டு முன்பே.

அதில் போடும் பிளேடு, நாவிதர் கத்தியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தது போன்ற ஆப்பு வடிவப் பிளேடு. முதுகு தடித்து, கூர் நோக்கி மெலிந்து வரும். முன்னால் இருக்கும் பற்கள் தோலைத் தட்டையாக்கி பிளேடு ஆழமாக இறங்காமல் தடுக்கும், பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பிளேடை முன்னோக்கித் தள்ளிப் பிடிக்கும். நீங்கள் கேட்ட தொட்டி, வழித்த நுரையும் முடியும் விழுவதற்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் குளியலறை அப்போது எல்லா வீட்டிலும் கிடையாது. ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறவனுக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் அலசுவது நடக்கிற காரியம் இல்லை. நுரை உள்ளேயே சேர்ந்தால் கொஞ்ச நேரம் கழித்து ஒரேயடியாகக் கொட்டலாம்.

குறை என்னவென்றால் பிளேடைத் தூக்கிப்போட முடியாது. தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லில் பிடிக்க வேண்டும். அவ்வளவு சின்னத் துண்டை விரலால் பிடித்துத் தீட்டுவது ஆபத்து என்பதால் அதைச் செருகிப் பிடிக்கத் தனியாக ஒரு கைப்பிடியும் உண்டு. ஆக ஷேவ் பண்ணும் திறமை தேவையில்லை என்று ஆயிற்று, தீட்டும் திறமை தேவை என்பது அப்படியே நின்றது. அடுத்த 50 ஆண்டுகள் இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான முயற்சிகள் அந்த மிச்சப் பாதியைத் தீர்ப்பதற்காகத்தான்.

எவர்-ரெடி 1912, ஜெம் மைக்ரோமேட்டிக் இரண்டும் ஒரே பிளேடுதான் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன வித்தியாசம்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகர், கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எவர்-ரெடி. புரூக்ளினில் இருந்த அமெரிக்கன் சேஃப்டி ரேஸர் கம்பெனியின் சரக்கு. ஜில்லெட் தன் ரேஸரை 5 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ரேஸரும் 12 பிளேடும் சேர்த்து 1 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். தீட்ட வேண்டாம், மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனதில் ஜில்லெட்டுக்கு இருக்கும் பெயர் இவர்களுக்கு இல்லாமல் போனது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

1912 மாடலின் அமைப்பு மிக எளிமையானது. தலையின் மேல்மூடி பின்பக்கம் ஒரு கீலில் நிற்கும். கட்டைவிரலால் தூக்கினால் பெட்டி மூடிபோலத் திறக்கும், பிளேடை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால் சரி, பூட்டிக்கொண்டது. திருகாணி கிடையாது, கழற்றிச் சேர்க்க மூன்று பாகங்கள் கிடையாது. ஸ்டாரிலிருந்து வந்த தொட்டித் தலையின் சாயல் இதில் கொஞ்சம் சுருங்கிய அளவில் இன்னும் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூடியைத் திறந்து தலையின் முன் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு மூலையிலும் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சின்ன உலோக முனை நிற்கும். முனைத்தடுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பிளேடின் கூர்ப்பக்க மூலைகள் இரண்டும் அதில் முட்டி நிற்க வேண்டும், பின்னாலிருந்து முதுகை ஸ்பிரிங் தள்ள வேண்டும். முன்னால் முட்டு, பின்னால் தள்ளு, மேலே மூடியின் அழுத்தம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிளேடு, அதன் முன்னால் தோலைத் தாங்கும் பாதுகாப்புப் பட்டைக்கு இணையாக, இரண்டு மூலையிலும் ஒரே இடைவெளியோடு நிற்கும். ஒரு பக்கத் தடுப்பு தேய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ பிளேடு சாய்ந்துவிடும், சாய்ந்தால் ஒரு மூலை தோலில் இறங்கும், மறு மூலை முடியைத் தொடவே தொடாது. பழைய ரேஸர் வாங்கி முகத்தைக் கீறிக்கொண்டு இந்த மாடலே மோசம் என்று ஒதுக்கிவிடுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். முலாம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு முனைகளையும் பாருங்கள். விற்பவரிடம் பிளேடு போட்ட நிலையில் நேர் முன்னாலிருந்து எடுத்த படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எவர்-ரெடி கம்பெனியும் ஜெம் கம்பெனியும் 1919-இல் ஒன்றாகிவிட்டன. ஸ்டார் செய்த கேம்ஃபே சகோதரர்களின் தொழிலும் அந்தக் கூரையின் கீழேயே வந்து சேர்ந்தது. பல பெயரில் வந்த ரேஸர்களுக்கு ஒரே பிளேடு பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெம் மைக்ரோமேட்டிக் 1930 வாக்கில் வந்தது. இதில் மூடியை விரலால் தூக்க வேண்டியதில்லை, கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் உள்ளே ஓடும் தண்டு மூடியை உயர்த்தித் திறக்கும், எதிர்ப்பக்கம் திருகினால் இறக்கி இறுக்கும். 1912 மாடலில் மூடியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது ஸ்பிரிங்கின் வயதைப் பொறுத்தது. இங்கே அது திருகின் பொறுப்பு, அதனால் பிளேடு இன்னும் திடமாக நிற்கிறது. கனமும் கூடுதல்.

மைக்ரோமேட்டிக்கிலேயே இரண்டு முகம் உண்டு. முதலில் வந்தது சீப்புப் பல் உள்ளது, பற்களின் இடைவெளியில் நிறைய நுரை போகும், நாலைந்து நாள் வளர்ந்த தாடிக்கு மிக நன்றாக வேலை செய்யும், ஆனால் கீழே போட்டால் பல் வளைந்துவிடும். 1940-களில் வந்த ‘கிளாக்-புரூஃப்’ வகையில் பல் இல்லை, அதற்குப் பதில் நுரை போக வழிவிட்ட பட்டை. தினமும் ஷேவ் செய்கிறவர்களுக்கு, முதல்முறை இந்த வகையைத் தொடுகிறவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன்.

பிடிக்கும் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரட்டைக் கூர் ரேஸர் பழகிய கை இங்கேதான் தடுமாறும். ஜெம் வகைத் தலையின் மேற்பரப்பு தட்டையாக இருப்பது அழகுக்காக இல்லை. அந்தத் தட்டைப் பகுதியை அப்படியே கன்னத்தில் படுக்க வையுங்கள். அந்த நிலையில் மெதுவாக இழுத்தால் பிளேடு முடியைத் தொடும் இடம் தானாகத் தெரியும், தேவைப்பட்டால் கைப்பிடியை மிகக் கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். அழுத்தவே அழுத்தாதீர்கள். தடித்த பிளேடு என்பதால் முடி அறுபடும் சத்தம் நன்றாகக் கேட்கும். சத்தம் வந்தால் கோணம் சரி.

இரும்புக்கடையில் பெயின்ட் சுரண்டுவதற்கு ஒரு பக்கக் கூர் பிளேடு மலிவாக விற்கிறார்களே, அதைப் போடலாமா?
(வாசகர், திருச்சி)

வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது கண்ணாடியில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டுவதற்குத் தீட்டியது, முகத்துக்கு அல்ல. முதுகுப்பட்டையும் பெரிதாக இருப்பதால் பல ரேஸர்களில் மூடி சரியாக மூடாது. சவரத்துக்கென்று விற்கும் ஜெம் அளவு பிளேடு, துருப்பிடிக்காத எஃகில் மேற்பூச்சோடு வருவது, இணையத்தில் கிடைக்கிறது. பழைய டப்பாவில் மீந்திருக்கும் கார்பன் எஃகு பிளேடுகளைச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்காதீர்கள்.

தாத்தா ராணுவத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் வெள்ளிபோல மின்னும் ஒரு டப்பா இருந்தது, ‘ரோல்ஸ் ரேஸர்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் கல், மறுபக்கம் தோல். இது கார் கம்பெனி செய்ததா? நான் பயன்படுத்தலாமா?
(வாசகர், வேலூர்)

கார் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் இருந்த ரோல்ஸ் ரேஸர் கம்பெனியின் தயாரிப்பு. 1920-களின் பிற்பகுதியிலிருந்து நன்றாக விற்றது. டப்பாவின் மேல் ‘இம்பீரியல்’ அல்லது ‘வைகவுண்ட்’ என்று மாடல் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்டார் விட்டுவைத்த தீட்டும் பிரச்சினைக்கு நான் பார்த்ததிலேயே மிக அழகான தீர்வு இது. பிளேடு ஆப்பு வடிவில், உள்குடைவாகத் தீட்டிய கனமான எஃகு. அதைத் தூக்கிப்போடுவதே இல்லை. டப்பாவின் இரு பக்க மூடிகளில் ஒன்றின் உட்புறம் சாணைக்கல், மற்றதன் உட்புறம் தோல். பிளேடு டப்பாவுக்குள்ளேயே ஒரு தாங்கியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மூடியைக் கழற்றிவிட்டு, முனையில் மடிந்திருக்கும் கைப்பிடியை நிமிர்த்தி முன்னும் பின்னும் தள்ளினால், ஒவ்வொரு கோடியிலும் பிளேடு தானாகப் புரண்டு அடுத்த பக்கத்தைக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் தீட்டப்படும். அப்படிப் புரளும்போது வரும் ‘டக் டக்’ சத்தம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். தீட்டி முடித்ததும் பிளேடை எடுத்து, தடுப்புச் சீப்போடு தனிக் கைப்பிடியில் மாட்டினால் ரேஸர் தயார்.

பயன்படுத்தலாம், இரண்டு நிபந்தனையோடு. பிளேடின் கூரை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், துருவின் குழிகள் கூர்வரை வந்திருந்தால் அதை மீட்க முடியாது, தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். குழி இல்லையென்றால் அடுத்தது தோல். காய்ந்து வெடித்த தோலில் தீட்டினால் கூர் கெடும். தோல் இளக்கமாக இருந்தால் ஷேவ் செய்யும் முன் தோலில் மட்டும் தீட்டினால் போதும். கல்லின் பக்கம் எப்போதாவது, பிளேடு இழுக்க ஆரம்பிக்கும்போது மட்டும்தான். தினமும் கல்லில் தள்ளிப் பிளேடையே தேய்த்துத் தீர்த்தவர்கள் உண்டு. பிளேடையும் சீப்பையும் முதலில் சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

இந்தக் கம்பெனியின் முடிவு விசித்திரமானது. ஜான் புளூம் என்ற தொழிலதிபர் கைக்கு வந்து, அதே ரோல்ஸ் ரேஸர் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு துணி துவைக்கும் இயந்திரம் விற்று, 1964-இல் திவாலானது. பிரிட்டனில் பெரிய செய்தியாக அடிபட்ட விவகாரம் அது. உங்கள் டப்பா அதற்கெல்லாம் மிகவும் முந்தையது.

வாலட் ஆட்டோஸ்ட்ராப் என்ற ரேஸரில் தோல்வாரை ரேஸருக்குள்ளேயே நுழைத்து இழுப்பதைக் காணொளியில் பார்த்தேன். பிளேடைக் கழற்றவே இல்லையே, எப்படி?
(வாசகர், யாழ்ப்பாணம்)

அதன் தலையில் வார் நுழைவதற்கென்றே ஒரு வழி விட்டிருக்கிறார்கள். வாரை உள்ளே விட்டு, மறுமுனையை எங்காவது மாட்டிவிட்டு, ரேஸரை முன்னும் பின்னும் ஓட்டினால் வாரின் இழுப்பே தலைக்குள் இருக்கும் உருளையைச் சுழற்றும், இழுக்கும் திசை மாறும்போது பிளேடும் பக்கம் மாறிப் படுக்கும். சில வினாடி வேலை. அலசுவதற்கும் பிளேடைக் கழற்ற வேண்டாம். ரோல்ஸ் ஒரு டப்பா முழுக்க வைத்துச் செய்ததை இவர்கள் ரேஸரின் தலைக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள்.

இதைச் செய்தவர் ஹென்றி கெய்ஸ்மன். பல துறைகளில் கைவைத்த கண்டுபிடிப்பாளர். படம் எடுத்தவுடன் ஃபிலிமின் ஓரத்தில் தேதியும் குறிப்பும் எழுதும் கேமரா வசதியைக் கண்டுபிடித்து 1914-இல் கோடக் நிறுவனத்துக்கு 3,00,000 டாலருக்கு விற்றவரும் இவர்தான். பின்னாளில் ஜில்லெட்டோடு இரட்டைக் கூர் பிளேடின் காப்புரிமை பற்றித் தகராறு வந்து, 1930-இல் இரண்டு கம்பெனியும் இணைந்தன. இணைப்பின்போது கணக்கைப் பார்த்ததில் ஜில்லெட் தன் லாபத்தைக் கூட்டிக் காட்டியது தெரியவர, அந்தப் பெரிய கம்பெனியின் பொறுப்பே கெய்ஸ்மன் கைக்கு வந்தது.

வாங்க நினைத்தால் ஒன்று: இதில் ஜெம் பிளேடு பொருந்தாது. இதன் பிளேடு வேறு அளவு, தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆரம்பப் பாடத்துக்கு ஏற்ற ரேஸர் இல்லை.

ஷிக் இன்ஜெக்டரும் இந்த வகைதானா?
(வாசகர், மதுரை)

ஆமாம், ஆனால் அது தனிக் கிளை. அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக், துப்பாக்கியில் தோட்டாக்களை வரிசையாகச் செருகும் முறையை ரேஸருக்குக் கொண்டுவந்தார், 1920-களில். நீளமான குறுகிய பிளேடுகள் ஒரு சின்ன உலோக உறைக்குள் அடுக்கியிருக்கும். உறையின் மூக்கை ரேஸர் தலையின் பக்கவாட்டுத் துளையில் செருகித் தள்ளினால் புது பிளேடு உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே வரும். பிளேடின் கூர் விரலில் படவே படாது. திறக்கும் மூடியே இல்லை என்பதால் தலை மிகச் சிறியதாக அமைந்துவிட்டது. மூக்குக்குக் கீழே, உதட்டோரத்தில் இதைப் போல லாவகமாகப் போகும் பழைய ரேஸர் வேறு இல்லை. ஷிக்கோ இதோடு நிற்காமல் மின்சார ரேஸர் பக்கம் போய்விட்டார். இன்ஜெக்டர் பிளேடு இன்றும் கிடைக்கிறது.

சலூனில் பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகுகிறார்களே, அதுவும் சிங்கிள் எட்ஜ்தானே?
(வாசகர், சேலம்)

கூர் ஒரு பக்கம் என்ற அளவில் சரி. ஆனால் அது மெல்லிய பிளேடின் பாதி, முன்னால் தடுப்புப் பட்டையும் இல்லை, கோணமும் ஆழமும் முழுக்க அந்தக் கைத்தொழில்காரரின் திறமை. பாதுகாப்பு ரேஸர் கணக்கில் வராது. உங்கள் கண்முன்னால் புது பிளேடை உடைக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜெம் ரேஸர் ஒன்று கிடைத்தது, சோப்பு கல்லாக இறுகியிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு வேண்டாம். வெளியே தெரிவது பித்தளை இல்லை, அதன்மேல் பூசிய நிக்கல், குரோமியம் அல்லது தங்க முலாம். புளியின் அமிலத்தில் ஊறவிட்டு அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். தங்க முலாம் மிக மெல்லியது, விபூதி போட்டுத் தேய்த்தால்கூட நாளடைவில் கரையும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். கைப்பிடி பிளாஸ்டிக்கோ செல்லுலாய்டோ என்றால் தலையை மட்டும் நனையுங்கள். கொதிநீர் அறவே கூடாது, அந்தக் காலப் பிளாஸ்டிக் வெடிக்கும், வளையும். காலையில் பழைய மென்மையான டூத்பிரஷால் கீலின் இடுக்கு, முனைத்தடுப்பின் ஓரம், மூடியின் அடிப்பக்கம் எல்லாம் தேயுங்கள். மைக்ரோமேட்டிக் குமிழ் திரும்பவில்லை என்றால் குறடு வைத்து நெம்பாதீர்கள். மறுபடி ஊறவைத்து, ஒரு துளி மிஷின் எண்ணெய் விட்டு, கையால் மட்டும் முயலுங்கள். இறுகியிருப்பது பெரும்பாலும் பல வருஷத்துச் சோப்பு, அது கரையத்தான் செய்யும். திறந்ததும் ஒரு பிளேடைப் போட்டு மூலை இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு நாளைக் காலையே ஷேவ் செய்யலாம்.